பேகனின் போர்வை: முட்டைக்கோழி மனைகளின் காற்றோட்டம் பற்றிய ஓர் அறவியல் நோக்கு

கடையெழு வள்ளல்களுள் ஒருவனாகிய வையாவிக் கோப்பெரும் பேகன், மயிலொன்று குளிரால் வருந்துகின்றதெனக் கருதித் தன் போர்வையை அதற்கு ஈந்தான் என்பது தமிழ் மாணவர் யாவரும் அறிந்த செய்தி. மயில் அப்போர்வையை உடுக்கவோ போர்த்துக்கொள்ளவோ மாட்டாது என்பதை அறிந்திருந்தும் அவன் ஈந்தான் எனப் பரணர் கூறுவது அத்துணை கவனிக்கப்படுவதில்லை. கொடைமடம் என்ற சொல்லை அப்புலவர் ஆள்வதும் அவனைப் பற்றிய பாட்டிலேதான். பறவைக்கு அதன் இறகே போர்வை. வெயில் மிகுந்தால் அது நிழலை நாடும். குளிர் மிகுந்தால் இறகைச் சிலிர்த்து, உடலுக்கும் வெளிக்காற்றுக்கும் இடையே ஒரு காற்றுப் படையை அமைத்துக்கொள்ளும். பேகனின் உதவி மயிலுக்குத் தேவைப்படவில்லை. எனினும், ஒரு பறவையின் உடற்சூட்டைப் பற்றி ஒரு மன்னன் கவலைப்பட்டான் என்பதே நூற்றாண்டுகள் பலவாகப் பேசப்படும் பொருளாயிற்று.

பறவைகளின் சூட்டையும் குளிரையும் பற்றி இரவு பகலாகக் கவலைப்படும் மனிதர் இன்றும் உளர். அவர்கள் வள்ளல்களல்லர், பொறியியலாளர்களும் பண்ணை முகாமையாளர்களும் ஆவர். அவர்களின் கவலைக்குப் பொருளாவது மயிலன்று, முட்டைக்கோழி. பேகன் அறியாத அளவுக்கு அவர்கள் பறவையின் உடலை அறிவர். அவ்வறிவு அவர்கள்மீது எத்தகைய கடமையைச் சுமத்துகின்றது என்பதே இங்கு ஆராயப்படும் வினா. இவ்வினா கூர்மையாக எழுந்த இடம் ஐக்கிய அமெரிக்காவின் அயோவா மாநிலமாதலின், அங்குள்ள பெருங் கோழிமனைகளின் அமைப்பையும் இயக்கத்தையும் முதலில் நோக்குதல் பொருந்தும்.

அயோவா நீண்ட காலமாக ஐக்கிய அமெரிக்காவின் முதன்மையான முட்டை உற்பத்தி மாநிலமாக விளங்கி வருவது. அங்கு வாழும் மனிதரிலும் பன்மடங்கு தொகையினவாகக் கோழிகள் உள்ளன. பனிக்காலத்தில் வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழ் இருபது பாகை செல்சியசுக்கும் இறங்கும். கோடையில் முப்பத்தைந்து பாகையையும் தாண்டும். இத்தகைய காலநிலையில், சாளரமற்ற நீண்ட மனையொன்றில், அடுக்கடுக்காக அமைந்த கூடுகளில், ஓர் இலட்சமும் அதற்கு மேலும் கோழிகள் ஒரே கூரையின் கீழ் வைக்கப்படுகின்றன. பழைய வகைக் கூட்டில் ஒரு கோழிக்குக் கிடைக்கும் தரைப்பரப்புத் தட்டச்சுத் தாள் ஒன்றின் பரப்பிலும் குறைவு.

இவ்வாறு வைக்கப்பட்ட கோழிகள் குளிரால் இறப்பதில்லை என்பது முதலிற் கேட்போர்க்கு வியப்பளிக்கலாம். முட்டைக்கோழி ஒன்று ஏறக்குறையப் பத்து வாற்று வெப்பத்தை இடையறாது வெளியிடுகின்றது. தனிக் கோழியைப் பொறுத்தவரை அஃது ஓர் இராவிளக்கின் சூடு. ஓர் இலட்சம் கோழிகளுக்கோ அது ஆயிரம் கிலோவாற்று ஆகும். அஃதாவது, ஒரு கிலோவாற்று மின்னடுப்புகள் ஆயிரத்தை ஓரிடத்திற் கூட்டிவைத்து ஒருபோதும் அணையாமல் எரியவிடுவதற்கு ஒப்பாகும். கோழியொன்று நாளொன்றுக்கு ஏறக்குறைய இருநூறு மில்லிலீற்றர் நீர் அருந்துகின்றது. முட்டையினுட் செல்லும் சிறு பங்கு தவிர்ந்த ஏனைய நீர் மூச்சாகவும் எச்சமாகவும் அம்மனையினுள்ளேயே விடப்படும். ஓர் இலட்சம் கோழிகள் என்னும்போது அது நாளொன்றுக்குப் பல்லாயிரம் லீற்றராகின்றது. எச்சத்திலிருந்து அமோனியா எழுகின்றது. மூச்சிலிருந்து காபனீரொட்சைட்டு வருகின்றது. ஆகவே, கோழிமனையைப் பற்றிய முதற் பிரச்சினை அதனைச் சூடாக்குவது எவ்வாறு என்பதன்று. கோழிகள் தம் உடலாலும் மூச்சாலும் தமக்கே உண்டாக்கிக்கொள்ளும் சூட்டிலும் ஈரத்திலும் நஞ்சிலும் மூழ்காதவாறு அவற்றை மீட்பது எவ்வாறு என்பதே.

இப்பணியைச் செய்பவை விசிறிகள். கோடையில், மனையின் ஒரு முனையில் உள்ள பெரு விசிறிகள் காற்றை வெளியே இழுக்க, மறுமுனையில் நீரால் நனைக்கப்பட்ட தாட்பலகைகளின் ஊடாகப் புதுக்காற்று உட்புகுந்து, மனையின் முழு நீளத்துக்கும் ஒரு சுரங்கத்திற் செல்வதுபோலச் செல்கின்றது. நீர் ஆவியாகும்போது காற்றின் சூட்டை எடுத்துக்கொள்கின்றது. காற்றின் வேகமும் கோழிகளின் உடலினின்று வெப்பத்தை வாரிச் செல்கின்றது. வெளிக்காற்றின் ஈரப்பதன் மிகுந்த நாட்களில் இந்நீர்ப்பலகைகளாற் பெரும்பயன் விளைவதில்லை. அந்நாட்களில் வேகம் ஒன்றே துணை. பனிக்காலத்திலோ பெரும்பாலான விசிறிகள் நின்றுவிட, ஒரு சில மாத்திரம் நிமிடக் கணக்கில் ஓடியும் நின்றும் ஈரத்தையும் அமோனியாவையும் அகற்றும். கோழிகளின் சூட்டை வீணாக்காமல் அவற்றின் நஞ்சை மாத்திரம் வெளியேற்ற வேண்டுமாதலின் இக்காலக் காற்றோட்டமே நுட்பம் மிக்கது எனலாம். இவ்விசிறிகள் யாவற்றையும் ஒரு கணனி ஆளுகின்றது. மின்சாரம் தடைப்பட்டால் மின்பிறப்பாக்கி தானே இயங்கத் தொடங்கும். அதுவும் பிழைத்தால் அபாய மணி ஒலித்துப் பண்ணையாளரை எழுப்பும்.

எப்போதும் இவ்வாறிருக்கவில்லை. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிற் கோழிக்கொட்டில்கள் சாளரங்களும் கூரை முகட்டிற் காற்றுத் துளைகளும் உடையனவாய் இருந்தன. சூடான காற்று தானே மேலெழுந்து வெளியேறும். குளிர்ந்த காற்று தானே கீழிருந்து உட்புகும். ஐம்பதுகள், அறுபதுகளிற் கூட்டுமுறை பரவி, ஒரு மனையிலிருந்த தொகை ஆயிரங்களிலிருந்து பதினாயிரங்களாகவும் பின்னர் இலட்சங்களாகவும் பெருகியபோது இயற்கைக் காற்றோட்டம் போதாதாயிற்று. ஒளியையும் கட்டுப்படுத்தினால் முட்டை மிகும் என்பதனாற் சாளரங்களும் அடைக்கப்பட்டன. இம்மாற்றத்தைத் தொழில்நுட்ப வளர்ச்சி என்று மட்டும் கூறி அமைதல் இயலாது. சாளரமுள்ள கொட்டிலில் மின்சாரம் நின்றால் இருள் வரும். சாளரமற்ற மனையிற் கோடை நண்பகலில் மின்சாரமும் மின்பிறப்பாக்கியும் ஒருங்கே நின்றால் ஒரு மணித்தியாலத்துக்குள்ளேயே சாவு தொடங்கிவிடும். விசிறிகள் ஓடிக்கொண்டிருக்கும்போதும் அவற்றின் ஆற்றலுக்கு ஓர் எல்லை உண்டு. 1995 யூலையில் அயோவாவை வருத்திய வெப்ப அலையின்போது பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட முட்டைக்கோழிகள் மாண்டன.

கோழி தன் உடற்சூட்டைத் தானே ஆளும் முறை இங்கு மனங்கொள்ளத்தக்கது. அதன் உடல் வெப்பநிலை ஏறக்குறைய நாற்பத்தொரு பாகை. வியர்வைச் சுரப்பிகள் அதற்கு இல்லை. வெளிவெப்பம் மிகும்போது அது சிறகுகளை உடலினின்று அகற்றி விரிக்கும்; இறகு குறைந்த பகுதிகளைக் காற்றுக்குக் காட்டும்; நிழலுக்கு நகரும்; குளிர்ந்த மண்ணைக் கிளறி அதிற் படுக்கும்; அயலிலுள்ள கோழிகளினின்று விலகி நிற்கும். இவையெல்லாம் போதாதபோதே வாயைத் திறந்து இளைக்கத் தொடங்கும். இளைப்பினால் நீர் ஆவியாகி உடல் குளிரும். ஆனால் அதற்கு ஒரு விலையுண்டு. மூச்சோடு காபனீரொட்சைட்டு அளவுக்கு மிஞ்சி வெளியேறுதலால் இரத்தத்தின் அமில காரச் சமநிலை குலைந்து, முட்டையோட்டுக்கு வேண்டிய காபனேற்றுக் குறைகின்றது. கோடையில் மெல்லோட்டு முட்டைகள் மிகுவதற்குரிய காரணங்களுள் இதுவும் ஒன்று. கோழியின் மூதாதையாகிய தென்கிழக்காசியச் செங்காட்டுக்கோழி ஆண்டுக்குப் பத்துப் பதினைந்து முட்டைகளே இடும். இன்றைய கோழியோ முந்நூறுக்கு மேல் இடுமாறு தெரிந்தெடுத்து வளர்க்கப்பட்டது. அத்துணை உற்பத்திக்கு வேண்டிய தீனியின் சூடும் அதன் உடலுக்குள்ளேயே எழுகின்றது. ஆகவே, மேற்கூறிய உபாயங்கள் அதன் மூதாதைக்கு இருந்ததிலும் அதற்கு மிகுதியாகத் தேவை. கூட்டில் வைக்கப்பட்ட கோழிக்கோ நகரும் உபாயமும் விலகும் உபாயமும் மண்ணிற் படுக்கும் உபாயமும் இல்லை. சிறகை முழுதாக விரிக்கவும் இடமில்லை. எஞ்சியிருப்பது இளைப்பு மாத்திரமே. ஏனையவற்றையெல்லாம் விசிறி பொறுப்பேற்றுக்கொண்டது.

பொறுப்பேற்றுக்கொண்டது என்ற சொல்லின் பொருளிலேயே இவ்விடயத்தின் அறவியற் சிக்கல் முழுவதும் தங்கியுள்ளது.

இப்பொறுப்பு நன்றாகவே நிறைவேற்றப்படுகின்றது என்று பண்ணையாளர் கூறுவர். இக்கூற்றைப் புறந்தள்ளுதல் நேர்மையாகாது. நன்கு நடத்தப்படும் மனையிலுள்ள கோழி, வெயிலில் திரியும் ஊர்க்கோழியிலும் ஒரே சீரான வெப்பநிலையில் வாழ்கின்றது. நரியும் பருந்தும் அதனை அணுகா. தன் எச்சத்தோடு அதற்குள்ள தொடர்பு குறைவாதலாற் சில நோய்களும் அணுகா. இம்முறையால் முட்டை மலிந்தது. இறைச்சி வாங்க இயலாத வீடுகளிலும் குழந்தையின் தட்டில் ஒரு முட்டை விழுந்தது என்பது சிறு செய்தியன்று. உலகத்து ஏழைகளின் புரத உணவைப் பற்றிக் கவலையற்றவர்களே இதனை எளிதாக எள்ளி நகையாடுவர். 1964 இல் றூத் ஹரிசன் விலங்கு யந்திரங்கள் என்ற பொருள்பட்ட பெயருடைய தம் நூலை வெளியிட்டுப் பிரித்தானிய மக்களின் மனச்சான்றை அசைத்தபோதும், அதன் விளைவாக அமைந்த பிறம்பெல் குழு 1965 இல் தன் அறிக்கையை வெளியிட்டபோதும் எழுந்த மறுப்பு இதுவே. விலங்கு எழுந்து நிற்கவும், படுக்கவும், திரும்பவும், தன் உடலைக் கோதவும், உறுப்புகளை நீட்டவும் இடம் வேண்டும் என்ற அக்குழுவின் மிகச் சிறிய கோரிக்கையே பொருளாதாரத்துக்குப் பகையானதாகக் கருதப்பட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தில் வெறுங்கூட்டு முறை 2012 இலேயே சட்டப்படி முடிவுக்கு வந்தது என்பதிலிருந்து அப்பகையின் வலிமை புலனாகும்.

எனினும், பண்ணையாளரின் மறுமொழியில் ஒரு விடயம் தெளிவுபடுத்தப்பட வேண்டும். மனையின் கணனியிற் பதிக்கப்படும் வெப்பநிலையைத் தெரிவு செய்வது எது? கோழி எதனை விரும்பும் என்ற வினா அன்று. குளிரிற் கோழி மிகுதியாகத் தின்னும், அத்தீனி முட்டையாகாது சூடாகிவிடும். மிகு வெப்பத்திற் குறைவாகத் தின்னும், முட்டை சிறுக்கும், ஓடு மெலியும். இவ்விரண்டுக்கும் இடையே, ஒரு டசின் முட்டைக்கு ஆகும் தீனிச் செலவு மிகக் குறையும் புள்ளியொன்று உண்டு. இருபது பாகைக்குச் சற்று மேற்பட்ட அப்புள்ளியே கணனியிற் பதிக்கப்படுகின்றது. கோழிக்கும் அஃது ஏறக்குறைய இதமான வெப்பநிலையாக இருப்பது இரு தரப்புக்கும் நற்பேறு.

இம்மானுவேல் கான்ற் 1785 இல் வெளியிட்ட தம் ஒழுக்கவியல் நூலிற் கடைக்காரன் ஒருவனை உதாரணங் காட்டுகின்றார். விலை அறியாத வாடிக்கையாளனிடமும் அக்கடைக்காரன் மிகுவிலை வாங்குவதில்லை. நற்பெயர் வியாபாரத்துக்கு உகந்தது என்பதே அதற்குக் காரணம். அவன் செயல் கடமைக்கு இசைந்தது. ஆனாற் கடமையினின்று பிறந்ததன்று. கோழிமனையின் விசிறியும் அக்கடைக்காரனின் தராசு போன்றது. (விலங்குகளுக்கு மனிதன் நேரடியாகக் கடமைப்பட்டவனல்லன் என்று கருதியவரும் கான்றே என்பதை மறைத்தல் ஆகாது. அவருடைய உதாரணத்தை அவருடைய முடிவுக்கு எதிராகவே இங்கு ஆள வேண்டியுள்ளது.) வாடிக்கையாளனுக்கு நீதி கிடைக்கும்வரை கடைக்காரனின் உள்நோக்கத்தை ஆராய்வது வீண் என்று பயன்வாதிகள் கூறலாம். நலனும் இலாபமும் ஒரே திசையிற் செல்லும்வரை அவர்கள் கூற்றுப் பொருந்தும். அவை பிரியும் இடங்களிலேதான் உள்நோக்கம் வெளிப்படும்.

அவை சிறிய அளவில் நாள்தோறும் பிரிகின்றன. பனிக்காலத்தில் விசிறியைச் சில நிமிடங்கள் குறைவாக ஓடவிட்டாற் சூடு மிஞ்சும், தீனி மிஞ்சும், அமோனியாவும் மிஞ்சும். பத்து இலட்சத்தில் இருபத்தைந்து பங்கு என்பது கடக்கக் கூடாத எல்லையாகப் பலராற் கொள்ளப்படுவது. அவ்வெல்லைக்கு உட்பட்டபோதும் மனையினுட் புகும் மனிதரின் கண் கரிக்கும். மனிதர் ஒரு மணித்தியாலத்தில் வெளியேறி விடுவர். மற்றொன்று, கணனி அளப்பது சராசரியை. சுரங்கம்போன்ற மனையிற் காற்று ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் செல்லச் செல்லக் கோழிகளின் சூட்டை ஏற்றுக்கொண்டே செல்வதால், விசிறிகளின் அருகிலுள்ள கூடுகளிலேயே வெப்பம் மிகுகின்றது. அங்குள்ள கோழி இளைத்துக்கொண்டிருக்கும் வேளையிலும் மனையின் சராசரி வெப்பநிலை திருப்திகரமாக இருக்கலாம். சராசரியை உணரும் உடல் எந்தக் கோழிக்கும் இல்லை. ஓர் இலட்சத்துள் நாளொன்றுக்குச் சில இறத்தல் கணக்கில் முன்கூட்டியே எழுதப்பட்ட ஒன்று. அச்சிலவற்றைக் காப்பதற்கு ஆகும் செலவு அவற்றின் விலையிலும் கூடியது.

கோழியோடு எவரும் உடன்படிக்கை செய்துகொள்ளவில்லையே, அதற்கு எங்ஙனம் கடமைப்பட இயலும் என்பது அடுத்த தடை. இதற்கு மறுமொழி கூற வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். சத்திரசிகிச்சைக்கு முன்னர் மயக்கமருந்து வைத்தியர் நோயாளிக்குத் தசைகளைத் தளரச் செய்யும் மருந்தைக் கொடுக்கின்றார். அக்கணம் முதல் நோயாளியால் தானாக மூச்சுவிட இயலாது. யந்திரமொன்று அவருக்காக மூச்சுவிடுகின்றது. அவ்வைத்தியர் இப்போது அறையைவிட்டு வெளியேறினாற் குற்றவாளியாவார். அதற்குக் காரணம் அவர் ஊதியம் பெறுகின்றார் என்பதோ நோயாளி படிவத்திற் கையொப்பமிட்டார் என்பதோ மாத்திரமன்று. நினைவற்றுக் கொண்டுவரப்பட்ட, கையொப்பமிட இயலாத, பெயர் அறியப்படாத நோயாளியைப் பொறுத்தும் அக்கடமை அணுவளவும் குறையாது. மூச்சுவிடும் ஆற்றலை அவரே நீக்கினார் என்பதும், அதன் இடத்தில் தம் கவனத்தை அவரே வைத்தார் என்பதுமே அக்கடமையின் ஊற்று. காட்டிலே வெப்பத்தால் மாளும் பறவைக்கு மனிதன் எவ்வாறு கடமைப்பட்டவன் என்பது கடினமான வினா. சாளரத்தை அடைத்து விசிறியை மாட்டியவன் தன் மனைக்குள் இருக்கும் பறவைக்குக் கடமைப்பட்டவன் என்பதில் அக்கடினம் இல்லை. கோழி சிந்திக்க மாட்டாது என்பதும் இதற்குத் தடையாகாது. துன்புற இயலுமா என்பதே உரிய வினா எனப் பெந்தாம் 1789 இலேயே சுட்டிக்காட்டினார். வாயைப் பிளந்து இளைக்கும் கோழியைக் கண்டவர் எவரும் அதற்கு விடை தேடி நூலகத்துக்குச் செல்ல வேண்டியதில்லை.

இனி, நலனும் இலாபமும் முற்றாகப் பிரிந்த நாளை நோக்கலாம்.

2015 இல் எச்5என்2 வகைப் பறவைக் காய்ச்சல் ஐக்கிய அமெரிக்காவிற் பரவி, ஏறத்தாழ ஐந்து கோடிப் பறவைகள் நோயாலும் நோய்த் தடுப்புக்காகவும் அழிந்தன. அவற்றுட் பெரும்பகுதி அயோவாவைச் சேர்ந்தவை. நோய் கண்ட மனையில் எஞ்சிய கோழிகள் யாவும் விரைவிற் கொல்லப்பட வேண்டும் என்பது விதி. கோழிகள் உயிரோடிருக்கும் ஒவ்வொரு மணித்தியாலமும் அவை வைரசை வெளியிட்டுக்கொண்டே இருக்கும்; அயற் பண்ணைகளுக்கும் பணியாளர்க்கும் ஆபத்து. ஆனால் இலட்சக்கணக்கான கோழிகளைக் கூட்டிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து வாயுப் பெட்டிகளில் இடும் பணி நாட்கணக்கில் நீண்டது. எனவே, அவ்வாண்டு செப்டெம்பரில் அந்நாட்டு விவசாயத் திணைக்களம், வேறு வழி இயலாதவிடத்துக் கைக்கொள்ளத்தக்க இறுதி வழியாகக் காற்றோட்ட நிறுத்தத்தை ஏற்றுக்கொண்டது. இங்கிலாந்து 2006 இலேயே இதற்குச் சட்டத்தில் இடம் வகுத்திருந்தது. உட்புகு வாயில்களை அடைத்து விசிறிகளை நிறுத்துவதே அம்முறை. கோழிகளின் சொந்தச் சூடே, மேலே கணக்கிட்ட அந்த ஆயிரம் கிலோவாற்றே, அவற்றைக் கொல்லும். அது போதிய விரைவில் நிகழாதாதலின் வெளியிலிருந்து சூடாக்கிகளைக் கொண்டோ காபனீரொட்சைட்டைச் செலுத்தியோ அதனை விரைவுபடுத்தும் வழக்கமும் ஏற்பட்டது. அவ்வாறு செய்தபோதும் சாவு நொடியில் நிகழ்வதன்று. மேற்கூறிய இளைப்பு, அதன் பயன் தீர்ந்த பின்னரும் தொடர்ந்து, உடற்சூடு நாற்பத்தைந்து பாகையைத் தாண்டும்வரை நீடிக்கும்.

அமெரிக்க மிருக வைத்தியச் சங்கம் 2019 இல் வெளியிட்ட வழிகாட்டியில், விசிறியை நிறுத்துவதை மாத்திரம் கொண்ட முறை பரிந்துரைக்கத் தகாதது என வகுக்கப்பட்டது. சூடோ வாயுவோ சேர்த்த முறை நெருக்கடி நிலைகளில் மாத்திரம் அனுமதிக்கத்தக்கது எனப்பட்டது. 2022 இல் நோய் மீண்டும் வந்தபோது பெருமனைகளில் இந்நெருக்கடி வழியே பெரிதும் கைக்கொள்ளப்பட்டது. அயோவாவின் ஒரே பண்ணையில் ஐம்பது இலட்சத்துக்கும் மேற்பட்ட முட்டைக்கோழிகள் அவ்வாறு கொல்லப்பட்டன.

இதனைச் செய்தோரைக் கொடியவர் என்று கூறி முடித்துவிடுவது எளிது, அதனாற் பயனில்லை. அந்நாளில், அவ்விடத்தில் நின்று நோக்குமிடத்து அவர்களின் நியாயம் வலிமையானது. தாமதித்தால் இன்னும் பல இலட்சம் பறவைகள் நோயால் மாளும். நோயால் மாளும் சாவும் மெல்லிய சாவன்று. பணியாளரை இலட்சக்கணக்கான நோயுற்ற பறவைகளின் நடுவே நாட்கணக்கில் நிறுத்துவது மனித உயிரோடு விளையாடுவதாகும். பறவைக் காய்ச்சல் மனிதரையும் கொல்ல வல்லது என்பது 1997 இல் ஹொங்கொங்கிற் கண்ட உண்மை. இரு தீமைகளுள் சிறியதைத் தெரிவதைத் தவிர அந்நாளில் வேறென்ன செய்திருக்கலாம் என்று கேட்டால் விடை கூறுதல் அரிது.

ஆயின், வினா அந்நாளைப் பற்றியதன்று. தோமஸ் அக்குவைனஸ் இருவகை இக்கட்டுகளை வேறுபடுத்தினார். எப்பக்கம் திரும்பினும் பாவமே என்ற நிலைக்கு ஒருவன் தன் குற்றமின்றி ஆளாதல் இல்லை. தான் முன்னர் செய்த பிழையொன்றினாலேயே அத்தகைய நிலைக்கு வருவான் என்பது அவர் கருத்து. இக்கருத்து மனித வாழ்க்கை முழுவதற்கும் பொருந்துமா என்பது ஐயத்துக்குரியது. பொருந்தாத சந்தர்ப்பங்கள் பலவற்றைச் சோகநாடகங்கள் காட்டும். கோழிமனைக்கு அது பொருந்துகின்றது. இருபத்துநான்கு மணித்தியாலத்தில் மென்மையாகக் கொல்ல இயலாத அளவு தொகையை ஒரு மனைக்குள் வைப்பது என்ற தீர்மானம் நோய் வந்த நாளில் எடுக்கப்பட்டதன்று. வரைபடம் வரைந்த நாளில், வங்கிக் கடன் கையொப்பமான நாளில், ஒரு முட்டைக்கு அரைச் சதம் மிச்சமாகும் எனக் கணக்கிட்ட நாளில் எடுக்கப்பட்டது. உட்புகும் காற்றுக்கு வாயில் வகுத்தவர்கள், வேண்டுமிடத்து வாயு முழு மனையிலும் சமமாகப் பரவுவதற்கும் வாயில் வகுத்திருக்கலாம், மனைகளைச் சிறியனவாக அமைத்திருக்கலாம், தொகையைக் குறைத்திருக்கலாம். ஒல்லாந்து முதலிய நாடுகளில் முழு மனைக்கும் வாயுவைச் செலுத்திக் கொல்லும் முறை நெடுங்காலமாகக் கையாளப்பட்டுள்ளது. அம்முறையும் துன்பம் அற்றதன்று, எனினும் வெப்பத்தால் வதைப்பதிலும் விரைவானது. 2015 இல் எவரும் இதனை எதிர்பார்க்கவில்லை என்ற சமாதானம் ஓரளவு ஏற்கத்தக்கது. 2022 இல் அச்சமாதானம் கூறப்பட்டபோது அதனை ஏற்பதற்கு ஏழு ஆண்டுகள் தடையாக நின்றன. இடைப்பட்ட ஆண்டுகளிற் புதிதாகக் கட்டப்பட்ட மனைகளும் பெரியனவாகவே கட்டப்பட்டன. இறுதி வழி என்று 2015 இற் பெயர் பெற்றது, ஆயத்தத் திட்டத்திற் முன்கூட்டியே எழுதப்படும் வழியாயிற்று. இறுதி வழியென்று ஒன்று எப்போதும் கைவசம் இருக்கும் என்ற உறுதியே அதற்கு முந்திய வழிகளைத் தேடும் முயற்சியை மழுங்கச் செய்தது எனலாம்.

இதிற் பண்ணையாளர் மாத்திரம் பொறுப்பாளரல்லர். நோயின் பொருட்டுக் கொல்லப்படும் கோழிகளுக்கு அந்நாட்டு அரசு நட்டஈடு வழங்குகின்றது. ஆகவே, பெருமனையின் மிச்சம் உரிமையாளருக்குச் சேர, அதன் இடரிற் பெரும்பங்கு பொதுப்பணத்தின்மேல் விழுகின்றது. முட்டையின் விலை சில சதம் உயர்ந்தால் அரசாங்கங்களைப் பழிக்கும் நுகர்வோரும் அவ்வரைபடத்திற் கையொப்பமிட்டவர்களே. பேகனைப் போற்றிய புலவர்கள் இவ்விடத்தில் ஒரு பாடம் வைத்துள்ளனர். மயிலுக்கு இரங்கிய அம்மன்னன் தன் மனைவி கண்ணகியைப் பிரிந்து அவளை வருந்தவிட்டான். கபிலரும் பரணரும் அரிசில்கிழாரும் பெருங்குன்றூர்கிழாரும் அவனிடம் பரிசில் வேண்டாது அவளுக்கு இரங்குமாறு வேண்டினர். அவன் கொடையை உண்டு வாழ்ந்தவர்கள் அவர்கள்; எனினும் அவன் இரக்கத்தின் எல்லையை அவன் முகத்தெதிரே சுட்டிக்காட்டினர். மலிந்த முட்டையை உண்போர் அப்புலவர்களின் நிலையில் உள்ளவர்கள்.

பேகனுடைய போர்வைக்கு மற்றுமொரு சிறப்புண்டு. மயில் அதனை உதறிவிட்டுத் தன் காட்டுக்குச் செல்லலாம். அவன் கொடுத்தது எதனையும் அதனிடமிருந்து பறிக்கவில்லை. கோழிமனையின் காற்று அத்தகையதன்று. அஃது அறிவு மிக்கது, அளவு பிசகாதது, பேகனின் போர்வையிலும் ஆயிரமடங்கு பயனுடையது. ஆனால் அதனை ஏற்க மறுக்கும் வழி கோழிக்கு இல்லை. கொடுப்பவன் தன் கையை இழுத்துக்கொள்ளும் வழி மாத்திரம் உண்டு.

அவ்வாறு இழுத்துக்கொள்ளும் நாளில் மனையிற் செய்ய வேண்டிய பணிகள் பல. உட்புகு வாயில்கள் மூடப்பட்டு இடுக்குகள் அடைக்கப்படும். சூடாக்கிகள் கொண்டுவரப்படும். விசிறிகளின் ஆளிகள் ஒவ்வொன்றாகத் தாழ்த்தப்படும். இவற்றுக்கு முன்னர் இன்னொரு பணியும் உண்டு. விசிறிகள் நின்று வெப்பம் ஏறினால் ஒலிக்க வேண்டும் என்று அமைக்கப்பட்ட அபாய மணி, காரணம் எதுவாயினும் ஒலித்தே தீரும். அம்மணி கேட்டபோதெல்லாம் நள்ளிரவிற் படுக்கையை விட்டெழுந்து பனியிலும் மழையிலும் மனைக்கு ஓடிவந்த பணியாளர் ஒருவர் இருப்பார். அதன் இணைப்பு எங்குள்ளது என்பதை அவரே அறிவாராதலின், அதனைக் கழற்றும் வேலையும் பெரும்பாலும் அவரிடமே ஒப்படைக்கப்படும்.